விலையும் வேகமும் யார் கையில்?

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தது என்று செய்தி வரும்போது அதன் கடைசிப் பத்தியை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். போர்மேன் கைது, மேலாளர் கைது, உரிமையாளரைப் போலீசார் தேடி வருகிறார்கள். சில நாளில் உரிமம் தற்காலிகமாக ரத்தாகும். அரசு நிவாரணம் அறிவிக்கும். அந்தப் பட்டாசுக்கு ஆர்டர் கொடுத்தவர் யார், எந்தத் தேதிக்குள் எத்தனை பெட்டி கேட்டார், பெட்டிக்கு என்ன விலை பேசினார் என்ற விவரம் மட்டும் அந்தப் பத்தியில் வராது. வழக்கிலும் பெரும்பாலும் வராது.

கழிவுநீர்த் தொட்டி மரணங்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், கெட்டுப்போன விடுதிச் சாப்பாடு, பன்னிரண்டு மணி நேர வேலை, துப்புரவுப் பணி தனியார்மயம், பத்து நிமிட டெலிவரி என்று நம்மைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் விடுபட்டுப்போவது இதே விவரம்தான். ஒவ்வொரு முறையும் "சட்டம் போதவில்லை" என்று ஒரு தரப்பும், "சட்டம் அதிகம், தொழில் நடத்த முடியவில்லை" என்று மறுதரப்பும் பேசுகின்றன. இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை என்பது என் கருத்து. ஒரு வேலைக்கு என்ன விலை, அதை எவ்வளவு வேகத்தில் முடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் எவரோ, அந்த வேலையில் நேரும் கேட்டுக்கு அவரே முதல் பொறுப்பாளி. மளிகைக்கடை நடத்துபவருக்குக்கூடப் புரியும் நியாயம் இது. நம் சட்டமும் நூறு ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நடைமுறைதான் அதைக் கேட்கவில்லை.

நூறு ஆண்டு என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. வெள்ளையர் ஆட்சியில் வந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு ஒன்று இருந்தது. ஒருவர் தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்டிராக்டரிடம் விட்டிருந்தாலும், அங்கே தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் வேலையைக் கொடுத்த முதன்மையானவரே இழப்பீடு தர வேண்டும். பிறகு காண்டிராக்டரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்வது அவர் பாடு. காயம்பட்டவன் காண்டிராக்டரைத் தேடி ஊர் ஊராக அலையக் கூடாது என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அதே தடத்தில் போனது. காண்டிராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும். கூலி பட்டுவாடா நடக்கும் இடத்தில் அவருடைய ஆள் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பை நான் மறுபடி மறுபடி படிப்பதுண்டு. கயிறு செய்தவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள், எங்கள் ஆட்களே அல்ல என்றார் ஆலை முதலாளி. நீதிபதி காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். நாளைக்கு இந்த ஆலை வேலை தரவில்லை என்றால் இவர்கள் வீட்டில் அடுப்பெரியுமா? எரியாது என்றால், இவர்களின் பிழைப்பு யார் பிடியில் இருக்கிறதோ அவரே முதலாளி. நடுவில் எத்தனை காண்டிராக்டர் நின்றாலும் அந்தத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார். சட்டமும் பொதுப்புத்தியும் ஒன்றாக நின்ற தருணம் அது.

எட்டு ஆண்டு கழித்து இன்னொன்று. போபால் நச்சுவாயுக் கசிவின் முதலாண்டு நினைவு முடிந்த மறுநாளே, 1985 டிசம்பர் 4 அன்று, டில்லியில் ஸ்ரீராம் உரத் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன தலைமை நீதிபதி பி.என். பகவதியின் அமர்வு, ஆங்கிலேயச் சட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இத்தகைய பொறுப்புக்கு இருந்துவந்த விதிவிலக்குகளை இந்தியாவுக்கு வேண்டாம் என்று தள்ளியது. ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் பார்க்கிறவர், எவ்வளவு கவனமாக நடந்திருந்தாலும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு. நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய இழப்பீடு. அடுத்த ஆண்டே தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவரே ஆலைக்குப் பொறுப்பாளி என்று எழுதினார்கள். ஒரு மேலாளரை நியமித்து அவர் தலையில் பொறுப்பைக் கட்டிவிடலாம் என்று பார்த்த நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 1996-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது.

இவ்வளவும் இருந்தும் போர்மேன் ஏன் கைதாகிறார்?

ஒரு காரணம், 2001-க்குப் பிறகு காற்று திசை மாறியது. ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் அந்தத் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று சொன்னது. ஒப்பந்தம் போலியானதா என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அன்றாடக் கூலிக்காரர் பத்தாண்டு வழக்கு நடத்தி அதை நிரூபிப்பது எங்கே நடக்கும்? தனியார் ஆலை மட்டுமில்லாமல் மாநகராட்சி, மின்வாரியம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாமே காண்டிராக்ட் வழிக்குப் போனது இந்தக் காலத்தில்தான். பொறுப்பைக் கீழே இறக்கிவிடுவது ஒரு நிர்வாகப் பழக்கமாகவே ஆகிவிட்டது. டெண்டர் ஆவணங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: பணியின்போது நேரும் எந்த விபத்துக்கும் ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு. அந்த வரியை எழுதுகிறவர்தான் விலையைத் தீர்மானிக்கிறார். மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்பதும் அவர் வைத்த விதி. குறைந்த தொகைக்கு எடுத்தவர் எதில் மிச்சம் பிடிப்பார் என்பது டெண்டரைத் திறக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கழிவுநீர்க் குழி மரணங்களில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993-இலேயே சட்டம் தடை செய்தது. 2013-இல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதல் பதிவான சாக்கடை மரணங்களில் தமிழ்நாட்டின் கணக்கு மட்டுமே 200-ஐத் தாண்டுகிறது, நாட்டிலேயே இங்குதான் அதிகம். சமூகநீதியைப் பெருமையாகப் பேசும் மாநிலத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு இருக்க முடியாது.

குழிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மூடிக் கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கி நிற்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் உயிரைக் குடிக்கும் நேரம். முதலில் இறங்கியவர் சில மூச்சில் சாய்கிறார். மேலே நிற்பவர் அவருடைய அண்ணனாகவோ மைத்துனராகவோ இருப்பார், பதறிப்போய் இறங்குவார். பல செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் "கவனக்குறைவாக இறங்கினார்கள்" என்று எழுதுகிறோம். கவனக்குறைவு அவர்களுடையது அல்ல. உறிஞ்சும் லாரிக்கு ஆகும் செலவையும் ஆளை இறக்க ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்ததைத் தேர்ந்தெடுத்தவருடையது. அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் வருகிறார் என்பதும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நேர்மையாகாது.

2013 சட்டத்தின் 7-ஆவது பிரிவு "நேரடியாகவோ மறைமுகமாகவோ" பணியமர்த்தக் கூடாது என்கிறது. மறைமுகமாக என்ற அந்தச் சொல்லை வைத்து டெண்டர் விட்ட அதிகாரி, அடுக்குமாடிச் சங்கத்தின் நிர்வாகி, ஓட்டல் முதலாளி எல்லோரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரலாம். கொண்டுவந்து தண்டனை வாங்கித் தந்த வழக்குகள் மிக அரிது. இழப்பீடு தருவதோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். இழப்பீடும் பெரும்பாலும் அரசுப் பணத்திலிருந்து போகிறது. அப்போது முடிவெடுத்தவர் கையிலிருந்து ஒரு ரூபாய் போவதில்லை.

தெருவைப் பெருக்கும் துப்புரவு ஊழியர்கள் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது, பணி நிரந்தரம் வேண்டும், கையில் வரும் சம்பளம் குறைந்துவிடும் என்பது அவர்களுடைய முறையீடு. உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நடைபாதையை மறிக்கக் கூடாது என்பது சட்டம்; அதில் தவறு காண முடியாது. ஆனால் கொரோனா நாட்களில் கைதட்டி வரவேற்ற அதே ஆட்களிடம், "உங்கள் முதலாளி மாநகராட்சி இல்லை, இனிமேல் அந்தக் கம்பெனியைக் கேளுங்கள்" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? தெருவைப் பெருக்குவது மாநகராட்சியின் முதல் வேலை. அதுவே மாநகராட்சியின் வேலை இல்லை என்றால் வேறு எது அதன் வேலை?

பட்டாசுக்கு வருவோம். அறைக்கு இத்தனை பேர்தான் இருக்க வேண்டும், இவ்வளவு மருந்துதான் வைக்க வேண்டும், தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், இரும்புக் கருவி கூடாது, கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தி முடித்துவிட வேண்டும், மிச்சத்தை இரவு வைக்கக் கூடாது. இந்த விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். முந்தின நாள் மிச்சம் காலையில் வெடிப்பது அதனால்தான். சிவகாசியில் ஐந்தாண்டு வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் மீறுகிறார்கள்?

உள்குத்தகை என்ற பழக்கத்தில் விடை இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் நான்கு அறை, ஆறு அறை என்று பிரித்து வேறு பலருக்கு வாடகைக்கு விடுவார். சட்டப்படி இது கூடாது. உள்குத்தகைக்கு எடுத்தவருக்கு உரிமமும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. கையில் இருப்பது தீபாவளி ஆர்டரும் வாங்கிய முன்பணமும்தான். கூலி பீஸ் ரேட். எத்தனை செலுத்தினாயோ அத்தனைக்குக் காசு. அப்புறம் அறைக்கு நாலு பேர் என்ற கணக்கு எட்டாகிறது; அறை போதாமல் வேலை மரத்தடிக்கு வருகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 38 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். அச்சங்குளம் ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழுவின் விசாரணையில் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை.

தொழிற்சாலைகள் சட்டத்தின் 1987 திருத்தத்தில் இன்னொரு பிரிவு சேர்ந்தது, 41-எச். அபாயகரமான ஆலையில் வேலை செய்பவர், ஆபத்து நெருங்குகிறது என்று நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்திடம் சொல்லலாம் என்றது அது. ஆய்வாளரிடமும் நேரே சொல்லலாம். நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். தொழிலாளியின் அனுபவ அறிவுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை இது. ஆனால் சொல்லிவிட்டு வேலையை நிறுத்தி வெளியே வந்தால் அன்றைய கூலியை யார் தருவது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பெண் வாய்திறந்தால் அடுத்த நாள் அவருக்கு மருந்துத்தட்டு கிடைக்காது. ஆபத்தைக் கண்டால் கூலி குறையாமல் எழுந்து வெளியே வரும் உரிமை வேண்டும். எத்தனையோ விசாரணைக் கமிஷன்கள் எழுதிய பரிந்துரைகளைவிட இந்த ஒன்று அதிக உயிர்களைக் காக்கும் என்று நான் நம்புகிறேன்.

உயிர் போகாத விஷயங்களிலும் இதே கோணல்தான். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010-இல் வந்தபோது ரங்கநாதன் தெருவின் துணிக்கடைப் பிள்ளைகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. நின்று நின்று கால் நரம்பு சுருண்டு புடைக்கும். கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்பதால் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு வாடிக்கை. ஆலைத் தொழிலாளி உட்கார வசதி வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆவது பிரிவில் எழுதியிருந்தது. கடைத் தொழிலாளிக்கு அந்த உரிமை வர மேலும் எழுபது ஆண்டு ஆயிற்று. அதுவும் தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் போராடினார். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த மசோதா, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. இன்றைக்கு எந்தப் பெரிய கடைக்குப் போனாலும் ஒரு மூலையில் முக்காலி கிடக்கும். அதில் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சட்டம் முக்காலியைக் கொண்டுவந்துவிட்டது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையில்லை என்று மேற்பார்வையாளர் முறைப்பதைத் தடுக்க முடியவில்லை. அங்கே பொருள் வாங்கப் போகும் நமக்கும் அதில் பங்குண்டு.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது பலருக்கு நினைவிருக்கும். பூந்தமல்லி விடுதியில் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். வேலைக்கு எடுத்தது ஒரு காண்டிராக்டர், விடுதி நடத்தியது இன்னொருவர், சமைத்தது வேறொருவர். யாரைக் கேட்டாலும் விரல் அடுத்தவரைக் காட்டியது. அந்த ஆலையிடம் போன் வாங்கும் ஆப்பிள் நிறுவனம், விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் சரியாகும்வரை ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாகச் சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. ஜனவரியில் ஆலை மறுபடி திறந்தது. விலையும் வேகமும் யார் கையில் இருந்தனவோ அவர் வாய்திறந்ததும் சங்கிலி முழுவதும் அசைந்தது.

இதைச் சட்டபூர்வமான ஏற்பாடாகவே ஆக்க முடியும் என்று காட்டியது திண்டுக்கல். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் அவருடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையோடும் அதன் ஆடைகளை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், தனிப் புகார் வழி, சாதிப் பாகுபாட்டுக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான பயிற்சி என்று போனாலும், அதன் உயிர் ஒரே நிபந்தனையில் இருந்தது: ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குபவர் தன் ஆர்டர் மூலம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். பங்களாதேஷில் 2013-இல் ரானா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு வந்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வழியும் இதுதான். பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013 முதல் இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். அதை அமைக்காத முதலாளிக்கு அபராதம் 50,000 ரூபாய். ஏற்றுமதி ஆலைக்கு ஒரு கண்டெய்னர் தாமதமானால் ஆகும் நஷ்டத்தின் பக்கத்தில் அந்தத் தொகையை வைத்துப் பாருங்கள். ஆர்டர் போய்விடும் என்ற பயம் எங்கே வேலை செய்கிறதோ அங்கே பொறுப்பை வைத்தது திண்டுக்கல் பெண்களின் புத்திசாலித்தனம்.

2023-இல் தமிழ்நாடு அரசு நேர்மாறான திசையில் ஓரடி வைத்தது. ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளுக்கு வேலைநேர விதிகளிலிருந்து விலக்கு அளிக்க வகைசெய்யும் மசோதா நிறைவேறியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதை நிறுத்திவைத்தார். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்திச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது. தொழிலாளி விரும்பினால் மட்டும் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு அதே 48 மணிதான் என்று சொல்லப்பட்டது. காண்டிராக்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு "விருப்பமில்லை" என்று சொல்லும் வாய்ப்பு எந்த அளவுக்கு உண்டு என்பதை மசோதா எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். பின்வாங்கியது சரியான முடிவு. பின்வாங்கியதற்காகப் பாராட்டவும் வேண்டும்.

"விருப்பமில்லை" என்று சொல்லும் பலம் சங்கத்திலிருந்துதான் வரும். சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது, முதன்மையாகச் சங்கத்தைப் பதிவு செய்வதற்காக. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக் கூடாது என்று ஆட்சேபம் எழுந்தது. 1926-இலிருந்து இருக்கும் சட்டப்படியான உரிமையை வணிகப்பெயரைச் சொல்லித் தள்ளிப்போட்டதைச் சரி என்று சொல்ல என்னால் முடியாது. உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2025 ஜனவரியில் பதிவு முடிந்தது. ஆறு மாதம் முன்பே முடித்திருந்தால் அந்த 37 நாள் நஷ்டம் இரு தரப்புக்கும் இல்லை.

உணவு டெலிவரி பிள்ளைகளின் நிலை இன்னும் தெளிவு. தூரம், நேரம், தொகை மூன்றையும் செயலி சொல்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் பையன் கட்டுகிறான். கீழே விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் பெரும்பாலும் அவன் வீட்டுக்குத்தான். அவன் தொழிலாளி அல்ல, "பங்குதாரர்" என்கிறார்கள். லாபத்தில் பங்கில்லாத பங்குதாரரை நான் கேள்விப்பட்டதில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த நிறுவனங்கள் ஆண்டு விற்றுவரவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தொடக்கத்துக்கு நல்லது. வேகத்துக்கான பொறுப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

சிறுதொழில் நடத்துபவர்கள் இதைப் படித்தால் கோபப்படலாம். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆறு பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் பதிவேடுகளை எழுதியே களைத்துப்போகிறார்; ஆய்வுக்கு வருகிறவர் குறையைத் திருத்த வருவதைவிடக் கவருக்காக வருவது அதிகம். அவருக்கு விலையை நிர்ணயிக்கும் சக்தியும் கிடையாது; பெரிய கம்பெனி சொன்ன விலைக்குச் செய்து கொடுக்கிறார், பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது. ஆகவேதான் பொறுப்பு மேலே போக வேண்டும் என்கிறேன். பொறுப்பை அவர் தலையோடு நிறுத்துவது பெரியவர்களுக்குத்தான் வசதி.

பொது இடத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். 2024 அக்டோபரில் மெரினா விமான சாகசக் காட்சியில் ஐந்து பேர், 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் 11 பேர், அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். கரூர் வழக்கை உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றி, ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் மேற்பார்வைக் குழுவை அமைத்திருக்கிறது. விசாரணை நடக்கும்போது குற்றவாளி யார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் எல்லாக் கூட்டத்துக்கும் ஒன்றுதான். இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார், அனுமதித்தது யார், வரும் நேரத்தை முடிவு செய்தது யார், கூட்டம் கூடிக்கொண்டே போனபோது நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது. முண்டியடித்த ஜனங்கள் இந்தப் பட்டியலில் கடைசியில்கூட வர மாட்டார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மின்சாரத்தில் இயங்கும் ஆலை என்றால் பத்துப் பேர் இருந்த வரம்பு இருபதானது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த இருபது பேர் போதும் என்பது ஐம்பதானது. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டிய வரம்பு நூறிலிருந்து முந்நூறானது. ஆய்வாளர் இனி "ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்". ஒரு நல்ல அம்சமும் உண்டு: நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பொதுவாக அமர்த்தக் கூடாது. ஆனால் மையப் பணி அல்ல என்று தரப்பட்டுள்ள பட்டியலில் துப்புரவும் சாப்பாட்டுக்கூடமும் இருக்கின்றன. மேலே நாம் பார்த்த ரிப்பன் மாளிகைப் போராட்டமும் பூந்தமல்லி விடுதிச் சாப்பாடும் இந்த இரண்டு வகை வேலையைப் பற்றியவைதான். விபத்தும் வேதனையும் எங்கே அதிகமோ அங்கேயே பொறுப்பைக் கழற்றிவிடும் பட்டியல் இது. மாநில அரசு தன் விதிகளில் இதைச் சரிக்கட்ட முடிந்த அளவு சரிக்கட்ட வேண்டும். தன் டெண்டர்களில் "ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு" என்ற வரியை அடித்துவிட்டு, வேலை கொடுக்கும் துறையின் தலைமை அதிகாரியின் பதவியை அந்த இடத்தில் எழுத வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

நம் வீட்டு அளவிலும் ஒரு வேலை இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். அடியில் சேறு தங்கிவிட்டது, ஆளை இறக்கினால் சுத்தமாக வரும், ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2013 சட்டத்தின் 7-ஆவது பிரிவு "எந்த ஒரு நபரும்" என்று தொடங்குகிறது. வீட்டுக்காரரும் அதில் அடக்கம்.